வீட்டுக்கும் வேண்டும் ஒரு கால அட்டவணை

இன்று காலை வீட்டுக் கதவைப் பூட்டினீர்களா? கட்டாயம் பூட்டியிருப்பீர்கள். ஆனால், சாவியைத் திருப்பிய அந்த நொடி நினைவில் இருக்கிறதா? பெரும்பாலோருக்கு இருக்காது. கை பூட்டிக்கொண்டிருந்தபோது மனம் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலையோ, மகன் புறப்பாடச் சீருடையை எடுத்துவைத்தானா என்பதையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கும்.

"வயதாகிவிட்டது, ஞாபக மறதி" என்று நாம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது மறதி அல்ல. மூளை செய்யும் சிக்கனம். அந்தச் சிக்கனத்தைப் புரிந்துகொண்டால் வீட்டில் தினமும் நடக்கும் அவசரத்தையும் கூச்சலையும் பாதியாவது குறைக்கலாம். புரிந்துகொள்ளாவிட்டால் அதுவே சில நேரங்களில் உயிருக்கு ஆபத்தாகவும் முடியும். இரண்டையும் இந்த வாரம் பார்ப்போம்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7.30 வாக்கில் பள்ளி மணி அடித்துவிடும். ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளியில், மூத்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில், கடைக்குட்டி பாலர் பள்ளியில். இடநெருக்கடி உள்ள பள்ளியானால் ஒரு பிள்ளைக்கு மதிய வகுப்பும் இருக்கும். கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குபவருக்குப் பயணத்திலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது. பள்ளிக்குக் கால அட்டவணை உண்டு, ரயிலுக்கு உண்டு, தொழிற்சாலைக்கும் உண்டு. இவை எல்லாவற்றையும் இணைக்க வேண்டிய வீட்டுக்கு மட்டும் பெரும்பாலும் கிடையாது. அது ஒருவர் தலைக்குள் இருக்கிறது.

மூளை ஏன் பழக்கத்தை விரும்புகிறது?

வெண்டி வூட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம், "இப்போது என்ன செய்கிறீர்கள்? என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று மணிக்கு ஒருமுறை எழுதிவைக்கச் சொன்னார்கள். குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தால், செய்த காரியங்களில் ஏறக்குறைய 43 விழுக்காடு கிட்டத்தட்ட தினமும் அதே இடத்தில், மனம் வேறெதையோ நினைத்திருக்கும்போது செய்தவை. அதாவது, நம் நாளில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி யோசிக்காமலேயே நடந்துவிடுகிறது.

மூளையின் ஆழத்தில் 'பேசல் கேங்லியா' என்ற பகுதி இருக்கிறது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற அறிவியலாளரின் குழு, 'டி' வடிவப் பாதையில் ஓடப் பழகும் எலிகளின் மூளையில் இப்பகுதியைக் கவனித்தது. புதிதாக ஓடும்போது வழி நெடுகிலும் நரம்பணுக்கள் இயங்கின. பாதை பழகிய பிறகோ ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் அந்த இயக்கம் பெரிதும் தெரிந்தது. நடுவில் உள்ள அத்தனை அடிகளும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டன. நாம் கார் ஓட்டுவதும், அரிசி களைந்து உலையில் இடுவதும் இப்படிப்பட்ட பொட்டலங்களே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பொட்டலம் அவிழ ஒரு தொடக்கக் குறிப்பு தேவை. "இரவு உணவு முடிந்ததும்", "காலணி கழற்றியதும்" என்பதைப் போல ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு புதிய வேலையை ஒட்டினால்தான் அது பழக்கமாகும். "நேரம் கிடைக்கும்போது" என்பது குறிப்பே அல்ல. அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

செங்கல்லில் தொடங்கிய ஆய்வு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு அப்பெயர் வந்ததே செங்கல்லால்தான். 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரையும் மரமும் வேண்டாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று ரெசிடெண்ட் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அதற்கான செங்கற்சூளைகள் இங்கே எழுந்தன. வேலையை எளிமையாக்கும் அறிவியலும், தற்செயலாக, செங்கல்லிலிருந்தே பிறந்தது.

அமெரிக்காவில் கொத்தனாராகத் தொழில் பழகிய பிராங்க் கில்பிரெத், ஒரு செங்கல்லை எடுத்து வைக்கத் தொழிலாளி எத்தனை முறை அசைகிறார் என்று எண்ணினார். 18 அசைவுகள். செங்கற்களைத் தரையிலிருந்து குனிந்து எடுக்காமல் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கும் சாரத்தை வடிவமைத்தார். அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 செங்கல் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்ததாக பிரடெரிக் டெய்லர் தம் 1911ஆம் ஆண்டு நூலில் பதிவுசெய்திருக்கிறார். தொழிலாளி வேகமாக வேலை செய்யவில்லை. வீண் அசைவுதான் போயிற்று.

கில்பிரெத்தின் மனைவி லில்லியன், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 12 பிள்ளைகளைப் பெற்ற தாய். 1924இல் கணவர் இறந்த பின் இதே ஆய்வைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வேலை செய்யும் மேசை மூன்றையும் நெருக்கமாக அமைத்துக் காட்டினார். ஒரு கேக் செய்ய முன்பு 281 அடி நடக்க வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் 45 அடி போதுமானதாக இருந்தது.

நம் வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? நிறைய. புத்தகப்பை, காலணி, காலுறை, தண்ணீர்ப் புட்டி, டச் அண்ட் கோ அட்டை, கார் சாவி ஆகிய ஆறும் வெவ்வேறு அறைகளில் இருக்கும் வீட்டில், காலையில் எத்தனை முறை மாடி ஏறி இறங்குகிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். வாசலோரம் ஓர் அலமாரித் தட்டும் நான்கு கொக்கிகளும் அடித்தால் செலவு சில ரிங்கிட்தான். அஞ்சறைப்பெட்டியை அடுப்புக்கு எட்டும் தூரத்தில் வைத்த நம் பாட்டிமார்கள் லில்லியனைப் படிக்காமலேயே இதைச் செய்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

துணி துவைப்பது, சமைப்பது, கூட்டுவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத வேலை ஒன்றும் உண்டு. புதன்கிழமை சீருடை இயக்கம், அதற்குள் சட்டை காய வேண்டும் என்று திங்கட்கிழமையே நினைப்பது. பால் மாவு தீரப்போகிறது என்று முன்கூட்டியே கவனிப்பது. பல் மருத்துவரிடம் நாள் வாங்கினோமா என்று சரிபார்ப்பது.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேலையை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் ஏறக்குறையச் சமமாகப் பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகின்றன. "சொன்னால் செய்வேனே" என்று சொல்லும் கணவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். சொல்வதற்காக நினைவில் வைத்திருப்பதே ஒரு வேலைதான்.

அந்த வேலை எவ்வளவு கடினம்? நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் தொகுத்த ஆய்வுகளின்படி, மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடியவை சுமார் நான்கு விஷயங்கள்தாம். ஐந்து பேர் உள்ள வீட்டின் வாரத்தை நான்கு இடத்தில் அடக்க முயன்றால் எதாவது ஒன்று கீழே விழத்தான் செய்யும். கெட்டிக்காரத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எனவே தலையில் இருப்பதைச் சுவருக்கு மாற்றுங்கள். மசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட பரிசோதனைகள் ஒரு நல்ல செய்தியைச் சொல்கின்றன. முடிக்காத வேலை ஒன்று மனத்தில் வந்து வந்து தொந்தரவு செய்தாலும், அதை எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டமிட்ட உடனேயே தொந்தரவு குறைந்துவிடுகிறது. வேலை முடியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதிவைத்தாலே மூளை ஓய்வெடுக்கிறது.

ஒரு வெள்ளை அட்டை போதும். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை. பக்கத்தில் வீட்டார் பெயர்கள். ஞாயிறு மாலை 15 நிமிடம் எல்லாரும் உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்கட்டும். "அப்பா: பால் மாவு" என்று எழுதினால், தீர்கிறதா என்று பார்ப்பதும் அப்பாவின் பொறுப்பே. அம்மா நினைவூட்டினால்தான் நடக்கும் என்றால் வேலை இன்னும் அம்மாவிடமே இருக்கிறது என்று பொருள்.

எப்போது? எங்கே?

"இனிமேல் ஒழுங்காக இருப்போம்" என்ற தீர்மானம் ஏன் மூன்று நாளில் காணாமல் போகிறது? 2002இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தது. முதல் குழுவுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. அடுத்த வாரம் அவர்களில் 38 விழுக்காட்டினர் உடற்பயிற்சி செய்தார்கள். இரண்டாம் குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கினார்கள். 35 விழுக்காட்டினர் செய்தார்கள். மூன்றாம் குழுவிடம் அதே விளக்கத்தோடு, "எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே செய்வீர்கள் என்று எழுதுங்கள்" என்றார்கள். 91 விழுக்காட்டினர் செய்தார்கள். அறிவுரை எதையும் மாற்றவில்லை. நாளும் இடமும் மாற்றின.

எனவே பிள்ளையிடம் "பையை ஒழுங்காக எடுத்துவை" என்று தினமும் கத்துவதைவிட, "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும், கூடத்து மேசையில் பையை எடுத்துவைக்க வேண்டும்" என்று ஒருமுறை முடிவுசெய்வது பயன் தரும்.

நேரத்தைக் கணிப்பதிலும் ஓர் எச்சரிக்கை. 1994இல் கனடாவில் 37 மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். எல்லாம் சரியாக நடந்தால் என்ற கணக்கில்தான் நாம் எப்போதும் திட்டமிடுகிறோம். காலையில் கிளம்ப 20 நிமிடம் போதும் என்று நினைக்க வேண்டாம். போன வாரம் ஐந்து நாளும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது? அட்டவணையில் அந்த எண்தான் வர வேண்டும்.

தூக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

முதல் பாடவேளையில் கண் சொருகும் மாணவர்களைப் பார்த்து நாங்கள் ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதுண்டு. கணக்குப் போட்டால் குறை அவர்களிடம் மட்டும் இல்லை என்பது தெரியும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை.

காலை 5.30க்கு எழ வேண்டிய படிவ மாணவர், குறைந்த அளவான 8 மணி நேரம் தூங்கவே இரவு 9.30க்குக் கண் மூடியிருக்க வேண்டும். தொடக்கப்பள்ளித் தம்பிக்கு அது 8.30. ஆனால் பிரத்தியேக வகுப்பு முடிவதே 9 மணி; அப்பா நெரிசலில் வந்து சேர்வது 8 மணி; எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது 9.15. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? எண்கள் பொருந்தவில்லை.

எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பள்ளி நாள்களில் பிள்ளைகள் 7 மணிக்கே சாப்பிட்டுவிட, குடும்பமாக உண்பதை வெள்ளி, சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். இரவு வகுப்பு ஒன்றைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றலாம். எது முடியும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆனால் தூக்கத்தை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சுற்றிலும் எழுத வேண்டும். மிஞ்சிய நேரத்தைத் தூக்கத்துக்குத் தரக் கூடாது.

சிறு குழந்தை உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. ஜோடி மின்டெல் என்ற ஆய்வாளர் 2009இல் 405 தாய்மார்களிடமும் அவர்களின் குழந்தைகளிடமும் நடத்திய ஆய்வில், தினமும் குளியல், உடல் தடவல், அமைதியான தாலாட்டு, விளக்கணைப்பு என்ற ஒரே வரிசையைப் பின்பற்றியபோது, இரண்டே வாரத்தில் குழந்தைகள் விரைவாகத் தூங்கினார்கள். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது.

ஞாயிறு சமையலும் புதன் சமையலும்

வாரம் முழுவதற்கும் ஞாயிறன்றே சமைத்து வைப்பது இப்போது பலர் கடைப்பிடிக்கும் வழி. நல்லதுதான். ஆனால் கிருமிகளுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் அவை வேகமாகப் பெருகும் எல்லை. நம் வீட்டுச் சமையலறை அந்த எல்லைக்குள்தான் பகலும் இரவும் இருக்கிறது.

சோற்றில் தனிக் கவனம் வேண்டும். 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநிலையையும் தாங்கும். சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதில் வாந்தி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், தட்டையான பாத்திரங்களில் பிரித்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பெட்டியின் வெப்பம் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும். அப்படி வைத்ததும் மூன்று அல்லது நான்கு நாளுக்குத்தான். எனவே ஒருநாள் சமைத்து ஏழு நாள் உண்பதைவிட, ஞாயிறு ஒருமுறை, புதன் ஒருமுறை என்று பிரிப்பதே பாதுகாப்பு. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு சீக்கிரம் கெடும். அதை அன்றன்றே செய்வது நல்லது.

வாரம் 10 நிமிடம்

அட்டவணையில் விடவே கூடாத ஒரு கட்டம் டிங்கி. 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி காய்ச்சல் கண்டது. 182 பேர் உயிரிழந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மிக அதிகமாக இருந்தது நம் சிலாங்கூரில்.

வாரம் ஒருமுறை 10 நிமிடம் வீட்டைச் சோதியுங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வெப்பநிலையில் ஏடிஸ் கொசுவின் முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டினால் எந்தத் தலைமுறையும் கொசுவாகும் வயதை எட்டாது. இரு வாரத்துக்கு ஒருமுறை என்றால் இடையில் கொசுவாகிப் பறக்க அவற்றுக்கு நேரம் கிடைத்துவிடும். பூச்சாடித் தட்டு, பூஜை அறைச் செம்பு, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு, கூரை வடிகால், பயன்படுத்தாத கழிவறைத் தொட்டி ஆகியவற்றைப் பாருங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தண்ணீர்த் தடை வந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2014இல் வறட்சியால் இங்கே அட்டவணை போட்டுத் தண்ணீர் பங்கிடப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். 2020 செப்டம்பரில் ஆற்று நீர் மாசுபட்டு, சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்கு விநியோகம் நின்றது. அப்போதெல்லாம் வாளியிலும் தொட்டியிலும் நீர் பிடித்து வைக்கிறோம். மூடி இல்லாத ஒவ்வொரு வாளியும் கொசுவுக்குத் தொட்டில்.

பழக்கம் ஏமாற்றும் நேரம்

பழக்கத்தை இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காருக்குள் மறந்துவிடப்பட்ட குழந்தைகள் இறந்த செய்திகள் நம் நாட்டிலும் வந்திருக்கின்றன. படிக்கும்போது, "பெற்ற பிள்ளையை எப்படி மறப்பார்கள்?" என்று கோபம் வரும்.

தென் புளோரிடா பல்கலைக்கழக நரம்பியலாளர் டேவிட் டைமண்ட் இத்தகைய சம்பவங்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். வழக்கமாகக் குழந்தையைப் பராமரிப்பு மையத்தில் விடுவது அம்மா. அன்று மட்டும் அப்பா. இரவு சரியான தூக்கமில்லை. பின்னிருக்கையில் குழந்தை தூங்கிவிட்டது, சத்தமில்லை. "இன்று மையத்துக்குப் போக வேண்டும்" என்ற எண்ணத்தை மூளையின் முன்பகுதி தாங்கிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில் "வீட்டிலிருந்து அலுவலகம்" என்ற பழைய பொட்டலம் அவிழ்ந்து தானாக ஓடத் தொடங்குகிறது. பொட்டலம் வென்றுவிட்டால், குழந்தையை இறக்கிவிட்டதாகவே மனம் நம்பிவிடுகிறது. இது அன்பின் குறையால் வருவதல்ல என்கிறார் அவர். அதனால்தான், "எனக்கு நடக்காது" என்று எவரும் சொல்ல முடியாது.

வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம், 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறுகிறது. அதில் 80 விழுக்காடு முதல் 30 நிமிடத்திலேயே ஏறிவிடுகிறது. வெளியே 32 டிகிரி என்றால் உள்ளே 50ஐத் தாண்டும். கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பது உதவாது. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

பழக்கம் தரும் ஆபத்தைப் பழக்கத்தாலேயே தடுக்க வேண்டும். கைப்பையையோ கைப்பேசியையோ எப்போதும் பின்னிருக்கையில் குழந்தைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். காரை நிறுத்தியதும், குழந்தை வந்த நாளோ வராத நாளோ, பின்கதவைத் திறந்து பாருங்கள். வழக்கம் மாறும் நாளில், குழந்தையை விட்டதும் மற்றவருக்கு ஓர் அழைப்பு. குழந்தை வழக்கமான நேரத்துக்கு வராவிட்டால் உடனே அழைக்கும்படி பராமரிப்பு மையத்திடம் சொல்லிவையுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்குப் பெற்றோர் எல்லாரும் இந்த நான்கையும் இன்றே தொடங்கலாம். செலவு ஒரு காசும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயலாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகிறது. எளிய பழக்கத்துக்கு 18 நாள், கடினமானதற்கு 254 நாள் வரைகூட ஆகலாம். "21 நாளில் பழக்கம்" என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை நம்பி, 22ஆம் நாள் மனம் தளர வேண்டாம். அதே ஆய்வின் இன்னொரு முடிவு ஆறுதலானது: இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

முதலில் பாதுகாப்பு: காரின் பின்கதவும் வாராந்தரக் கொசுச் சோதனையும். அடுத்த மாதம் இரவுப் பை, தூங்கும் நேரம். அதன் பிறகு சமையலும் வாசல் அலமாரியும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிவம் இரண்டு படிக்கும் பிள்ளைக்கு ஏடிஸின் வாழ்க்கைச் சுழற்சி வெறும் பாடமாக இல்லாமல், டார்ச் விளக்கோடு சனிக்கிழமை காலை 10 நிமிடம் செய்யும் சோதனையாக இருக்கட்டும். சுவர் அட்டையில் அந்தக் கட்டத்துக்கு நேராக அவர் பெயரையே எழுதுங்கள்.